ஐம்பத்திரண்டு கல்லறைகளும் என் தாத்தாவும்

காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துக்காரன். தமிழ்ப்பள்ளியில் முப்பது வருடம் பாடம் நடத்திவிட்டு ஓய்வில் இருக்கிறேன். போரில் செத்தவர்களின் கல்லறைகளையும் பெயர்ப் பட்டியலையும் காக்கிற உங்களுக்கு இந்த மடலை ஆங்கிலத்திலேயே எழுதியிருக்கலாம். ஆனால் நீங்கள் படிப்பதற்கு முன்னால் என் ஊர்க்காரர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று நினைத்தேன், அவர்கள் வீட்டிலும் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, போய்த் திரும்பாத ஒரு பெயர் இருக்கும். உங்களுக்கான ஆங்கிலப் பிரதியைத் தனியாக அனுப்பி வைக்கிறேன்.

அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவர் இருந்தவரை சயாம் என்ற பேச்சு வீட்டில் எப்போதாவது வரும், வந்த வேகத்தில் அடங்கிவிடும். கேட்பதற்கு ஆள் இல்லை என்று ஆன பிறகுதான் எனக்குக் கேள்விகள் வந்தன. எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கேட்க முடியாததால் படிக்க ஆரம்பித்தேன். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் ராணுவம் போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வைத்துப் போட்ட சயாம் மரண ரயில்பாதையைப் பற்றித் தமிழில் எனக்குக் கிடைத்ததெல்லாம் சேர்ந்து அலமாரியில் பாதித் தட்டுக்கு வந்தது. அப்புறம் ஆங்கிலத்துக்குப் போனேன். அங்கே ஒரு நூலகமே இருக்கிறது. பெரும்பாலும் போர்க்கைதிகள் எழுதியவை, அல்லது அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தேடிப் பிடித்து எழுதியவை. நாட்குறிப்புகள், கடிதங்கள், ராணுவ மருத்துவர்களின் குறிப்புகள், மூங்கில் குடிசைக்குள் ஒளித்து வைத்து வரைந்த படங்கள்.

படிக்கும்போது கையில் ஒரு பென்சில் வைத்துக்கொள்வேன். தமிழர் என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் ஒரு கோடு. வாத்தியார் புத்தி, வேறென்ன. ஆஸ்திரேலியரோ, இங்கிலீஷ்காரரோ, டச்சுக்காரரோ, யார் எழுதினாலும் சரி, ஏதாவது ஒரு நாளில் எங்கள் ஆட்கள் அந்தப் பாதையில் வந்துவிடுகிறார்கள். மழையில் சேற்றில் நடந்து போகிறார்கள். பெண்டு பிள்ளைகளோடு போகிறார்கள். சில பக்கம் தள்ளி அவர்களுடைய முகாமைத் தாண்டிப் போகும் காட்சி வரும். அங்கே கழிப்பிடம் இல்லை, மருத்துவர் இல்லை, செத்தவர்களை எடுத்துப் போட ஆள் இல்லை. அந்தக் கைதிகள் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறார்கள். அவர்களே எலும்பும் தோலுமாக, கோவணத்தோடு, காலில் எலும்பு தெரியும் புண்ணோடு நின்றவர்கள். அவர்கள் பரிதாபப்பட்டார்கள் என்றால் இவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு முந்நூறு பக்கப் புத்தகத்தில் என் பென்சில் கோடுகள் பதினொன்று. பதினொரு இடத்திலும் ஒரு பெயர்கூட இல்லை. எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்தில் படுத்திருந்த தன் சிநேகிதனின் பெயரைக் காப்பாற்றுவதே அவருக்குப் பெரும்பாடு. எங்கள் மொழி அவருக்குத் தெரியாது, எங்கள் முகாமுக்குள் காலராவைத் தாண்டி அவர் வந்திருக்கவும் முடியாது.

நான் பேசும் ரயில்பாதை உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி, 1943 அக்டோபர் 17-ஆம் தேதி இரண்டு பக்கத்துத் தண்டவாளமும் கொன்கோய்தாவில் சேர்ந்தன. வேலை செய்த போர்க்கைதிகள் 60,000-க்கு மேல், அவர்களில் இறந்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் சுமார் இரண்டு லட்சம், அல்லது அதற்கும் மேல். இறந்தவர்கள் 80,000 என்பார்கள், ஒரு லட்சம் என்பார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேர் அளவில் போனார்கள், அதில் பெரும்பகுதி தோட்டத் தமிழர்கள்.

இந்த 'என்பார்கள்' என்ற இடத்தில்தான் எனக்கு உங்களோடு பேச்சு இருக்கிறது.

1945 செப்டம்பர், அக்டோபரில், ஜப்பான் சரணடைந்து சில வாரங்களே ஆன நிலையில், பிரிட்டிஷ் ராணுவத்தின் கல்லறை தேடும் குழு ஒன்று அந்தப் பாதை நெடுக ரயிலில் போனது. முன்னாள் கைதிகள் சிலரும் கூடப் போனார்கள். மொழிபெயர்க்க, ஜப்பான் ராணுவப் போலீசில் வேலை பார்த்த நாகாசே தாகாஷி போனார். முகாமுக்கு முகாம் இறங்கி, கைதிகள் ரகசியமாக எழுதி வைத்திருந்த புதைகுழிப் பட்டியல்களை வைத்துக்கொண்டு, காட்டை வெட்டித் தேடினார்கள். சில குறிப்புகளைக் கைதிகள் புட்டியில் அடைத்துக் குழிக்குள்ளேயே புதைத்து வைத்திருந்தார்களாம். 144 இடுகாடுகளைக் கண்டுபிடித்தார்கள். 10,549 கல்லறைகளை அடையாளம் கண்டார்கள். பட்டியலில் இருந்து, தேடியும் கிடைக்காதவை ஐம்பத்திரண்டு.

ஐம்பத்திரண்டு! அந்த எண்ணைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பொறாமை என்றுகூடச் சொல்லலாம், சாவில் என்ன பொறாமை என்று நீங்கள் கேட்டாலும் சரி. அவர்கள் கணக்கில் விடுபட்டது ஐம்பத்திரண்டு. எங்கள் கணக்கில் 80,000-க்கும் ஒரு லட்சத்துக்கும் நடுவே இருபதாயிரம் பேர் இருந்தார்களா இல்லையா என்பதே தெரியவில்லை.

இனி என் வீட்டுக் கதை.

தாத்தா 1936-இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் வந்து இறங்கியவர். சொந்த ஊர் முசிறிப் பக்கம். இங்கே பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கினான். வெள்ளைக்காரத் துரைமார் மூட்டை கட்டிக்கொண்டு சிங்கப்பூருக்கு ஓடினார்கள், 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் விழுந்தது. ரப்பர் வாங்க ஆள் இல்லை. பால்வெட்டு நின்றது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது, வேட்டி போய்க் கோணிச்சாக்கு வந்தது. பாட்டி சொல்வார்: "பசின்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது. பசி வந்தா ஆளு பேசமாட்டான்."

அப்போதுதான் ஆள் கேட்டு வந்தார்கள். சயாமில் ரயில் ரோட்டு வேலை, மூன்று மாதம், நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) சம்பளம், சாப்பாடு, குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வரலாம். முதலில் போனவர்கள் நம்பித்தான் போனார்கள். மூன்று மாதத்தில் யாரும் திரும்பி வராததால் அடுத்த தடவை ஆள் சேரவில்லை. அப்புறம் தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்குப் போட்டு லாரியை அனுப்பினார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கொட்டகையில் கூட்டி, கதவை அடைத்து, அப்படியே ரயிலேற்றிய ஊர்களும் உண்டு.

எங்கள் தோட்டத்தில் பட்டியல் எழுதியது கிராணி, தோட்டத்து எழுத்தர். அவரும் தமிழர்தான். அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. தலைக்கணக்கு குறைந்தால் அவர் தலை போயிருக்கும் என்பதும் உண்மை, தன் ஆட்களை விட்டுவிட்டு மற்றவர்களை எழுதினார் என்று லயத்தில் நாற்பது வருடம் பேசிக்கொண்டதும் உண்மை. ஆக, கூட்டிப் போக ஒரு பட்டியல் இருந்தது. தாத்தாவின் பெயர் அதில் இருந்தது.

1943 ஏப்ரலோ மே மாதமோ. அப்பாவுக்கு ஐந்து வயது. லாரி பின்பக்கம் ஏறும்போது தாத்தா ஒரு பால் மங்கைக் கையில் வைத்திருந்தார் என்பது மட்டும் அப்பாவுக்கு ஞாபகம். தண்ணீர் குடிக்க எடுத்துக்கொண்டாராம். ரப்பர் மரத்தில் கட்டும் அந்தச் சின்னப் பீங்கான் கிண்ணத்தை உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா தெரியவில்லை. உள்ளங்கையில் அடங்கும். என் பால்ய காலத்திலும் லயத்தில் அதில்தான் ஊறுகாய் வைப்பார்கள், சாமிக்கு விளக்கு ஏற்றுவார்கள். 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட ஒரு மனிதர் கொண்டுபோன சாமான் அது.

கோலாலம்பூரிலிருந்து தாய்லாந்தின் பான் போங் வரை அடைத்த சரக்குப் பெட்டியில் நாலைந்து நாள். அங்கிருந்து நடை. மழைக்காலம் தொடங்கியிருந்தது, வேலையைச் சீக்கிரம் முடி என்று மேலிடத்து நெருக்கடி, அதோடு காலரா. சிங்கப்பூரின் சாங்கிக் கைதி முகாமிலிருந்து அந்தச் சமயத்தில் மேலே அனுப்பப்பட்ட எஃப் படை என்ற குழுவில் 7,000 போர்க்கைதிகள், அவர்களில் 3,000-க்கும் மேல் செத்தார்கள். மருத்துவர்களும் அதிகாரிகளும் ஒழுங்கும் இருந்த படை அது. அவர்கள் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க விடமாட்டார்கள், சாப்பாட்டுத் தட்டைக் கொதிநீரில் முக்கி எடுப்பார்கள், கழிப்பிடக் குழி வெட்டுவார்கள், அதிகாரிகளின் சம்பளத்தில் வாத்து முட்டை வாங்கி நோயாளிக்குக் கொடுப்பார்கள். அப்படி இருந்தும் அவ்வளவு பேர். எங்கள் முகாம்களில் இது எதுவும் இல்லை. அங்கே இருந்தவர்கள் படை இல்லை, குடும்பங்கள். பிள்ளைக்குத் தாகம் எடுத்தால் பக்கத்து ஓடையில் மோந்து கொடுத்திருப்பார்கள்.

தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாகச் சாகவே, ஜப்பானியர் 1943 நடுவில் சாங்கியிலிருந்து போர்க்கைதி மருத்துவர்களையும் உதவியாளர்களையும் கே படை, எல் படை என்று இரண்டு குழுவாக வரவழைத்து ஆசிய முகாம்களுக்கு அனுப்பினார்கள். எங்கள் ஆட்களில் பிழைத்து வந்தவர்கள் சிலருக்காவது புண்ணைக் கழுவிக் கட்டியது ஒரு வெள்ளைக்காரக் கைதியின் கையாக இருந்திருக்கும். அந்தக் கடன் எனக்கு ஞாபகம் இருக்கிறது. போர்க்கைதிகளுக்குக் கிடைத்த மரியாதை கூடிப்போயிற்று என்று சொல்ல நான் இந்த மடலை எழுதவில்லை.

1946-இல் எங்கள் லயத்துக்கு ஒருவர் திரும்பி வந்தார். போனவர்கள் முப்பத்து நாலு பேர், வந்தவர்கள் மொத்தம் ஆறு என்று அப்பா சொல்வார். தாத்தாவைக் கடைசியாகக் கின்சாயோக் என்ற பாதையோர முகாமில் பார்த்ததாக அந்தத் திரும்பி வந்தவர் சொன்னார். காய்ச்சலில் படுத்திருந்தார், மறுநாள் எங்களை மேலே அடுத்த முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான். செத்ததைப் பார்த்தேன் என்று அவர் சொல்லவில்லை.

அந்த ஒரு வாக்கியம் இல்லாததால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தீபாவளிக்கு முதல் நாள் செத்துப்போன பெரியவர்களுக்கு இலை போட்டுப் படைப்போம். தாத்தாவுக்கு இலை போடலாமா? உயிரோடு எங்கேயாவது இருக்கும் ஆளுக்குப் படைத்தால் அது எவ்வளவு பெரிய அபச்சாரம்! பாட்டி போட விடமாட்டார். திதி கொடுக்கலாம் என்றால் நாள் வேண்டும். பாட்டி தாலியைக் கழற்றவில்லை, நெற்றியில் குங்குமமும் வைக்கவில்லை. கோயிலுக்குப் போனால் விபூதி மட்டும். சுமங்கலிப் பெண்கள் கூடுகிற இடத்துக்கும் போகமாட்டார், மற்ற இடத்துக்கும் போகமாட்டார். முப்பத்தெட்டு வருடம் நடுவாசலிலேயே நின்றார் என்றுதான் சொல்ல வேண்டும்.

1981-இல் பாட்டி செத்தார். எனக்குப் பத்தொன்பது வயது. குளிப்பாட்டி, சேலை கட்டிக் கிடத்திய பிறகு பெண்கள் நடுவில் பேச்சு வந்தது. பொட்டு வைப்பதா, வேண்டாமா. பூ வைப்பதா. தாலியோடு அனுப்புவதா, எடுத்துவிட்டு அனுப்புவதா. ஒரு கிழவி, அவர் போய் நாப்பது வருசம் ஆச்சு, இன்னுமா உசுரோட இருப்பாரு, வேணாம் என்றார். இன்னொருவர், பார்த்தது யாரு, நாம எப்படிச் சொல்றது என்றார். தப்படிக்க வந்தவர்கள் வாசலில் பீடி பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் போயிருக்கும். அப்பா திண்ணையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் அத்தை எழுந்து வந்து, யாரையும் கேட்காமல், கட்டைவிரலில் குங்குமத்தை எடுத்து, பாட்டியின் நெற்றியில் பெரிதாக, ஒரு வெள்ளிக் காசு அளவுக்கு அழுத்தி வைத்தார். "எங்கப்பா செத்துட்டாருன்னு எவன் எழுதிக் கொடுத்தான்?" என்று கேட்டார்.

எழுதிக் கொடுக்கும் வேலையைச் செய்கிறவர்கள் நீங்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

போன வருடம் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போய் வந்தேன். ரயில் நிலையத்துக்கு எதிரே உங்கள் இடுகாடு. ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள். புல்லை அப்படி ஒரு ஒழுங்கோடு வெட்டியிருந்தார்கள், கல்லுக்குக் கல் ஒரு பூச்செடி. ஒருவர் மண்டி போட்டு ஒரு கல்லின் ஓரத்தைக் கத்தரிக்கோலால் சரிசெய்துகொண்டிருந்தார். தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். எனக்கு அது பிடித்தது.

அங்கே இரண்டு விஷயம் பார்த்தேன். காலராவில் செத்து எரிக்கப்பட்ட 300 பேரின் சாம்பல் அங்கே இரண்டு குழிகளில் இருக்கிறது. எந்தச் சாம்பல் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் முந்நூறு பெயர்களும் மண்டபத்துப் பலகையில் இருக்கின்றன. இன்னொன்று, பிரிக்கப்படாத இந்தியாவின் ராணுவத்தைச் சேர்ந்த பதினொரு பேரின் பெயர்கள். தாய்லாந்தின் முஸ்லிம் இடுகாடுகளில் புதைக்கப்பட்டவர்கள் அவர்கள். அந்தக் கல்லறைகளைப் பராமரிக்க முடியாமல் போனதால் பெயரை மட்டும் இங்கே பொறித்திருக்கிறீர்கள். அந்தப் பதினொரு பெயருக்கு முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். உடம்பு வேறு எங்கோ இருக்க, பெயருக்கு மட்டும் ஒரு இடம் கொடுக்க உங்களுக்குத் தெரியும் என்பதை அங்கேதான் கண்டுகொண்டேன்.

எங்கள் ஆட்கள் எங்கே என்று கேட்டால் ஊர்க்காரர்கள் பல இடத்தைக் காட்டுகிறார்கள். வாட் தாவோர்ன் விகாரையில் ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்த சமாதி ஒன்று இருக்கிறது. 1990-இல் ஒரு கரும்புத் தோட்டத்தில் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வந்தன. மேலே பாதையின் ஒரு பகுதி 1980-களில் கட்டிய காவ் லேம் அணையின் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது, அங்கே இனி யார் தோண்டப் போகிறார்கள். க்வாய் ஆற்று ரயில் பாலத்துக்குக் கொஞ்ச தூரத்தில், 1944-இலேயே ஜப்பான் ராணுவம் எழுப்பிய ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. சாகடித்தவர்களே கட்டியது. அதன் பலகைகளில் ஒன்று தமிழில் இருக்கிறது. அந்த ஊரில் அத்தனை வருடம் எங்கள் சாவைப் பற்றி எங்கள் மொழியில் இருந்த எழுத்து அதுதான் என்று நினைத்தபோது சிரிப்பதா என்ன செய்வதா என்று தெரியவில்லை. 2023-இல் தமிழர்கள் முயற்சி எடுத்து ஒரு நடுகல் வைத்தார்கள். கும்பிட்டுவிட்டு வந்தேன். நல்ல காரியம். ஆனால் கல் வைக்கிற வேலையை எங்களாலேயே செய்துகொள்ள முடியும். நான் உங்களிடம் கேட்பது பட்டியல்.

நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்கு ஓரளவு தெரியும். உங்கள் சாசனம் ராணுவத்தில் இருந்து இறந்தவர்களுக்கானது, இவர்கள் கூலிகள், சம்பளத்துக்குப் போனவர்கள். சரி. ஆனால் 1941-இல் அந்தச் சாசனத்தை விரித்து, எதிரியின் செயலால் இறந்த பொதுமக்களின் பெயர்களையும் எழுத ஆரம்பித்தீர்கள் அல்லவா? அந்த ஏட்டில் 65,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் வைத்திருக்கிறீர்கள். லண்டனில் குண்டு விழுந்த இரவில் தொட்டிலில் தூங்கிய குழந்தையின் பெயர் அதில் உண்டு. கிழக்கே ஜப்பானியரின் சிறைமுகாம்களில் நோயில் செத்த பிரிட்டிஷ் பொதுமக்களின் பெயர்களும் உண்டு. அவர்களும் துப்பாக்கி பிடித்தவர்கள் இல்லை. என் தாத்தா மதராஸ் மாகாணத்தில் பிறந்த பிரிட்டிஷ் பிரஜை. வேலை செய்தது பிரிட்டிஷ்காரர் தோட்டத்தில். அவரைக் கொண்டுபோனது பிரிட்டனின் எதிரி. அந்த ஏட்டுக்குள் வர இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

கூலி என்பதும் இப்போது உங்களுக்கே தடையாகத் தெரியவில்லை. கேப் டவுனில் முதல் உலகப்போரில் செத்த தென்னாப்பிரிக்கக் கறுப்பினத் தொழிலாளர்கள் 1,700-க்கும் மேற்பட்டவர்களுக்கு, ஆளுக்கு ஒரு மரத்தூண் நட்டுப் பெயர் எழுதி 2025-இல் திறந்தீர்கள். அவர்கள் ராணுவத்தின் தொழிலாளர் படையைச் சேர்ந்தவர்கள், இவர்கள் அப்படி இல்லை என்ற வித்தியாசம் எனக்கும் தெரியும். ஆனால் மூட்டை தூக்கியவனுக்கும் பாதை வெட்டியவனுக்கும் பெயர் உண்டு என்று நூறு வருடம் கழித்து ஒப்புக்கொண்டீர்களே, அதைச் சொல்கிறேன். 2021-இல் உங்கள் சிறப்புக் குழு வெளியிட்ட அறிக்கையையும் படித்தேன். முதல் உலகப்போரில் இறந்தவர்களில், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியருமாக, குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லியோ, ஒருவேளை அடியோடோ நினைவுகூரப்படாமல் விடுபட்டார்கள், அந்த எண்ணிக்கை 3,50,000 வரைகூட இருக்கலாம் என்று நீங்களே எழுதி, மன்னிப்பும் கேட்டீர்கள். தன் தவறைத் தானே எண்ணிச் சொல்கிற அமைப்புகள் குறைவு. அந்த அறிக்கையைப் படித்த பிறகுதான் உங்களுக்கு எழுதலாம் என்ற தைரியம் வந்தது.

அடுத்த கேள்வி அத்தாட்சி. போர்க்கைதிகளுக்கு ஜப்பானியர் ஆளுக்கு ஒரு அட்டை எழுதினார்கள், பெயர், ஊர், படை எண், அப்பா அம்மா பெயர். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் அப்படி ஐம்பதாயிரத்துக்கும் மேல் அட்டைகள் இருக்கின்றன. ஒரு பேரன் போய்க் கேட்டால் தாத்தாவின் அட்டையைப் பார்க்கலாம். தொழிலாளர்களுக்கு அப்படி அட்டை கிடையாது. எங்கள் பக்கம் இருக்கக்கூடியது தோட்டத்துச் செக்ரோல், அன்றாடம் யார் வேலைக்கு வந்தார்கள் என்று கிராணி குறிக்கிற நோட்டு. 1943-ஆம் வருடத்து நோட்டில் ஒரே நாளில் முப்பது பெயர்கள் நின்றுபோயிருக்கும். தாத்தாவின் தோட்டம் இன்று செம்பனைக் காடாகி, மூன்று கை மாறிவிட்டது. இப்போதைய நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்டேன். பழைய நோட்டெல்லாம் கரையான் அரித்து எரித்துவிட்டோம் என்றார்கள். பொய்யாக இருக்காது, இந்த ஊர்க் கரையானை எனக்குத் தெரியும். எல்லாத் தோட்டத்திலும் கரையான் ஒரே மாதிரி வேலை செய்திருக்காது என்ற நம்பிக்கைதான்.

பெயரிலும் ஒரு தொல்லை இருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரு தோட்டத்தில் முனியாண்டி என்று ஏழு பேர் இருப்பார்கள். நெட்டை முனியாண்டி, மாட்டுக்கார முனியாண்டி, மேட்டு லயத்து முனியாண்டி என்றுதான் ஆளைப் பிரிப்பார்கள். கிராணி ஆங்கிலத்தில் எழுதும்போது ஆளுக்கு ஒரு எழுத்துக்கூட்டல். பெண்கள் பலருக்கு இன்னாரின் மனைவி என்பதோடு சரி. கைக்குழந்தைகளுக்கு அதுவும் இருந்திராது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு சுத்தமான பட்டியல் போட முடியாது என்று உங்கள் அலுவலர்கள் சொல்வார்கள். அசுத்தமாகவே போடுங்கள் என்கிறேன். மாட்டுக்கார முனியாண்டி என்றே எழுதுங்கள், எங்கள் லயத்தில் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

எனக்கு வேண்டியது பெரிய மண்டபமோ அரச குடும்பத்து வருகையோ இல்லை. உங்கள் பொதுமக்கள் ஏட்டில், அல்லது அதோடு சேர்ந்த ஒரு புதிய ஏட்டில், சயாம் பர்மா ரயில்பாதையில் இறந்த மலாயாத் தொழிலாளர்களுக்கு ஒரு பக்கத்தைத் திறந்து வையுங்கள். குடும்பத்தார் கொடுக்கும் வாய்மொழிச் சாட்சியை அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள், தோட்டம், லயம், கூடப் போனவர் யார், கடைசியாகப் பார்த்தது எங்கே. படிவத்தைத் தமிழில் கொடுங்கள். நிரப்ப உதவுவதற்கு என்னைப் போல ஓய்வு பெற்ற வாத்தியார்கள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், சம்பளம் கேட்க மாட்டார்கள். உங்கள் இடுகாட்டில், அந்தப் பதினொரு பெயருக்குப் பக்கத்தில், இவர்களும் இந்தப் பாதையில் இறந்தார்கள், பெயர்கள் இன்ன ஏட்டில் இருக்கின்றன என்று தமிழில் ஒரு வரி வைத்தால் போதும். பர்மாக்காரர், ஜாவாக்காரர், சீனர், மலாய்க்காரருக்கும் இதே நியாயம் உண்டு. அவர்கள் பேரப்பிள்ளைகள் அவர்கள் மொழியில் எழுதட்டும், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

கொஞ்சம் அவசரமும் இருக்கிறது. லாரி ஏறியதைக் கண்ணால் பார்த்த பிள்ளைகளுக்கு இன்று எண்பத்தைந்து, தொண்ணூறு வயது. குங்குமம் வைத்த அத்தைக்கு இப்போது தொண்ணூறு நெருங்குகிறது, தைப்பிங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். காலையில் பேசினால் எல்லாம் ஞாபகம் இருக்கிறது, சாயங்காலம் என்னை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். காலை நேரத்தில் போய்க் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

என்னால் கொடுக்க முடிந்த விவரம் இவ்வளவு: ஆண், வயது முப்பது இருக்கலாம். பால்வெட்டுத் தொழிலாளி. இடது கைக் கட்டைவிரலில் கத்தி பட்ட தழும்பு. மனைவி, ஒரு மகள், ஒரு மகன். 1943 ஏப்ரல் அல்லது மே மாதம் லாரியில் கொண்டுபோகப்பட்டார். கடைசியாகப் பார்த்த இடம் கின்சாயோக், பார்த்தவர் அதே தோட்டத்துக்காரர், அவர் 1969-இல் காலமானார். இறந்த நாள் தெரியாது, அந்தக் கட்டத்தைக் காலியாக விட அனுமதிக்க வேண்டும். பெயரை இந்த மடலில் எழுதவில்லை. அவர் அப்பா பெயரோடு, எழுத்துப்பிழை இல்லாமல் போக வேண்டும் என்று அத்தை சொல்லியிருக்கிறார். படிவம் வந்ததும் நானே நிரப்பி, அத்தையிடம் ஒரு காலை நேரத்தில் படித்துக் காட்டிவிட்டு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
சயாமுக்குப் போனவரின் பேரன்
பேராக், மலேசியா